ஸ்கூட்டர்காரரை பஸ்சில் ஏற்றுவது எப்படி? சோப்பு வியாபாரியிடம் இருக்கிறது வித்தை!

"பஸ்சில் போங்கள், பெட்ரோலை மிச்சப்படுத்துங்கள்" என்று சென்னையில் எத்தனை போர்டு வைத்தாலும் அண்ணா சாலையில் நெரிசல் குறைவதாக இல்லை. போர்டை ஸ்கூட்டர்காரரும் படிக்கிறார். சிக்னல் விழுந்ததும் முறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

போர்டு எல்லோருக்கும் ஒரே புத்தியைச் சொல்கிறது. ஆனால் பஸ்சில் ஏறாததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

சோப்பு கம்பெனிக்காரர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. குழந்தைக்கு ஒரு சோப்பு, வாலிபருக்கு ஒரு சோப்பு, துணிக்கு ஒரு கட்டி. வாங்குகிறவர் யார், அவரை எது இழுக்கும், எது தடுக்கும் என்று கூறு பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கே சரக்கை அனுப்புகிறார்கள். இந்த வித்தையை லாபத்துக்கு இல்லாமல் ஊர் நன்மைக்குப் பயன்படுத்தினால் அதற்கு "சமூக சந்தைப்படுத்தல்" என்று பெயர். 1971-ல் பிலிப் காட்லர், ஜெரால்டு சால்ட்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் இது.

பெயர்தான் அமெரிக்கா. காரியத்தை அதற்கு முன்பே நம் நாட்டில் செய்துவிட்டார்கள்! 1968-ல் வந்த நிரோத்தை பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்க ஜனங்களுக்குக் கூச்சம். சர்க்கார் என்ன செய்தது? டீத்தூள், சோப்பு, சிகரெட் விற்கும் கம்பெனிகளைப் பிடித்து, அவர்கள் சரக்கோடு சரக்காக பெட்டிக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்று 15 பைசா. பீடிக்கட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கியது.

வீடு தேடி வந்த சைக்கிள்

இதே வழியில் ஜனங்களை பஸ்சுக்கும் இழுக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். அங்கே பெர்த் என்று ஒரு நகரம். வீட்டுக்கு வீடு கார். 2000-ம் ஆண்டில் தெற்கு பெர்த் பகுதியில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஒவ்வொன்றாகத் தொடர்புகொண்டு மூன்றாகப் பிரித்தார்கள்.

"பஸ்சா? அந்தப் பேச்சே வேண்டாம்" என்றவர்களை அதோடு விட்டுவிட்டார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி ஒரு காசு கூட வீணாக்கவில்லை. ஏற்கனவே பஸ்சில் போகிறவர்களுக்கு சின்னதாக ஒரு பரிசு கொடுத்தார்கள். "போகலாம்தான், ஆனா எந்த பஸ், எத்தனை மணிக்குன்னு தெரியலையே" என்றவர்கள்தான் குறி. அவரவர் ஸ்டாப்பில் பஸ் வரும் நேரம், நடந்து போகும் வழி என்று கேட்டதை மட்டும் பையில் போட்டு சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

கார் ஓட்டிய பயணங்கள் 14 சதவீதம் குறைந்தன, பஸ், ரெயில் பயணம் 17 சதவீதம் கூடியது என்று கணக்கு வந்தது. திட்டத்தை நடத்திய கம்பெனியே கணக்கும் எடுத்ததால், சில நிபுணர்கள் அதை அப்படியே நம்பவில்லை. நியாயமான சந்தேகம்தான். பாதி உண்மை என்றாலும் லேசான காரியம் இல்லை.

பிங்க் பெயிண்ட் ரகசியம்

சென்னையில் இந்தப் பெயரைச் சொல்லாமலேயே சில காரியங்கள் நடந்திருக்கின்றன.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று உத்தரவு வந்தது. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் தடையாக இருந்தது டிக்கெட் காசு. அந்தத் தடையை எடுத்தார்கள், பஸ் நிரம்பியது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநில திட்டக்குழு ஆய்வு சொன்னது.

ஆனாலும் ஒரு சிக்கல். வருவது இலவச பஸ்சா, காசு பஸ்சா என்று ஸ்டாப்பில் தெரியாது. ஓடிப்போய் ஏறி, பிறகு இறங்கிய தாய்மார்கள் எத்தனையோ பேர். 2022 ஆகஸ்டில் பஸ்சின் முன்னும் பின்னும் பிங்க் பெயிண்ட் அடித்த பிறகுதான் நிம்மதி. சோப்புக்கு மேலுறை எப்படியோ, அப்படி!

60 வயது தாண்டியவர்களுக்கு 2016 பிப்ரவரியில் மாதம் 10 இலவச டோக்கன் வந்தது. நல்ல காரியம். ஆனால் படி ஏற மறுக்கும் முழங்காலுக்கு டோக்கன் என்ன செய்யும்? புதிய தாழ்தள பஸ்கள் வர 2024 ஆகிவிட்டது.

2023 டிசம்பரில் மெட்ரோ ரெயிலில் ஞாயிற்றுக்கிழமையில் 5 ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்தார்கள். ஷாம்பு பாக்கெட் மாதிரி, ருசி பார்க்க. குடும்பத்தோடு போய் வந்தார்கள். ஆனால் ஞாயிறு ருசி பார்த்தவர் திங்கட்கிழமை ஆபீசுக்கு எதில் போனார் என்பதல்லவா கேள்வி?

விட்டுப்போன ஆள்

இத்தனையிலும் விட்டுப்போனவர் ஒருவர் இருக்கிறார். நடுத்தர வயது ஆண். சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள். தாம்பரம் பக்கம் வீடு, பாரிமுனையில் வேலை.

போக வர 50 கிலோமீட்டருக்குக் குறையாது. லிட்டருக்கு 50 கிடைத்தால் தினம் ஒரு லிட்டர். சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தொட்டது 2021 ஜூலையில். அந்த விலைக்கே மாதம் 25 நாளைக்கு 2,500 ரூபாய் கரைகிறது. இஷ்டம்போல் பயணம் செய்யும் மாநகர பஸ் பாஸ் 2025-ல் 1000 ரூபாய். மின்சார ரெயிலும் ஓடுகிறது. அவர் கணக்கு தெரியாதவர் இல்லை. ஆபீசில் நாள் முழுக்க அதைத்தான் எழுதுகிறார்.

பிறகு ஏன் வண்டியை எடுக்கிறார்? ராத்திரி 10 மணிக்கு ஸ்டேஷனில் இறங்கினால் வீட்டுக்கு இன்னும் 3 கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ ஆள் சேரும் வரை நகராது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். ஒரு நாள் பஸ் வராவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள். 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியபோது அவசரத்துக்கு வாங்கிய வண்டி அது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

இவரிடம் "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று பேசிப் பயனில்லை. பாஸ் விலையை இன்னும் 100 ரூபாய் குறைத்தாலும் அசைய மாட்டார். கடைசி 3 கிலோமீட்டருக்கு ராத்திரி ஒரு சின்ன பஸ், அது எத்தனை மணிக்கு என்ற உறுதி. இவருக்கான சரக்கு அதுதான். 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரெயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க "சென்னை ஒன்று" செயலி வந்தது. செல்போனில் டிக்கெட் எடுத்துவிடுவார். இறங்கிய பிறகு?

ஆவணி மாத யோசனை

பழக்கம் தானாக மாறும் நேரம் ஒன்று உண்டு. வீடு மாறும்போது. ஜெர்மனியில் மூனிச் நகரில், புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு மாநகராட்சியே பஸ், ரெயில் விவரங்களை அனுப்பி வைத்தது.

இங்கே ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்தால் லாரிகள் கிளம்பிவிடும், தையில் இன்னொரு தரம். புது வீட்டுச் சாவியோடு, அந்தத் தெரு முனையில் எந்த நம்பர் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு தாளும் சேர்த்துக் கொடுக்க வீட்டு புரோக்கர்களிடம் சொன்னால் போதும். முனை டீக்கடையில் அதே தாளை ஒட்டி வைத்தால் கடைக்காரருக்கும் நாலு டீ கூட விற்கும்.

செலவு என்னவோ ஒரு தாள் காகிதம்தான். அதில் அச்சடித்த நேரத்துக்கு பஸ் வர வேண்டும்!