கையில் லைசென்ஸ், ஒற்றியில் விளை

மணவாளக்குறிச்சிக்காரர்கள் விமானம் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான் போவார்கள். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஓட்டப் பழகவும் பக்கத்தில் இருப்பது அதே திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி அகாடமிதான். கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய பகுதி இது. கடன் வாங்கி அனுப்பு, முதல் மாதச் சம்பளத்திலிருந்து அடைக்கத் தொடங்கு என்பது இங்கே தலைமுறைக் கணக்கு. பைலட் படிப்பில் அந்தக் கணக்கு உதைக்கிறது.

200 மணி நேரம் பறந்து, தேர்வுகளை முடித்து, சிபிஎல் எனும் வணிக விமானி உரிமம் கைக்கு வருவதற்குள் அரைக் கோடி ரூபாய் கரைந்துவிடும். அந்த மணிகளில் பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற நாலு சீட்டு விமானத்தில் கழிந்தவை. அதன் எடை ஒரு டன்னுக்குச் சற்றே மேல். வேலை தரக்கூடிய நிறுவனம் வைத்திருப்பதோ ஏர்பஸ் 320: 180 பயணிகள், எழுபது டன்னுக்கு மேல் எடை. அதில் உட்காரத் தனியாக டைப் ரேட்டிங் வேண்டும். சிமுலேட்டரில் நடக்கும் அந்தப் பயிற்சிக்கு இன்னும் பல லட்சம்.

விமானத்துக்குப் பஞ்சமில்லை. 2023-ல் இரண்டே இந்திய நிறுவனங்கள் 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. அதே ஆண்டில் வழங்கப்பட்ட சிபிஎல் 1,622. பைலட் பற்றாக்குறை என்று துறையினர் சொல்வதும் பொய்யல்ல. ஆனால் அவர்கள் தேடுவது கேப்டன்களை. கேப்டனுக்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமம் வாங்கவே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 200 மணிக்காரர் வரிசையின் வாலில் நிற்கிறார். அவருக்கு முன்னால், நிறுவனங்களின் கேடட் திட்டத்தில் கோடி ரூபாய் அளவுக்குக் கட்டிச் சேர்ந்தவர்கள்.

முதல் வேலைக்கு அலைவது புதிதல்ல. 1947-ல் லைசென்ஸ் வாங்கிய பெண் விமானி பிரேம் மாத்தூரை எட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பின. பெண் ஓட்டினால் யார் ஏறுவார்கள் என்ற பயம். கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைத் துணை விமானியாக எடுத்துக்கொண்டது. 1949-ல் தேசிய விமானப் பந்தயத்தில் அவர் ஜெயித்தார். இன்று இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள். அந்தக் கதவு திறந்துவிட்டது. பணக் கதவுதான் இறுகிக்கொண்டே போகிறது.

காத்திருக்கும் மாதங்களுக்கும் செலவு உண்டு என்பதைப் பலர் முன்கூட்டி யோசிப்பதில்லை. பி.காம். சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம், சிபிஎல்லை முடியாது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் ஆண்டுக்கொரு முறை. கைப்பழக்கம் விட்டுப்போகாமலிருக்க அவ்வப்போது வாடகை விமானம். வேலை இல்லாதவர் வேலைக்குத் தகுதியாக இருப்பதற்கே லட்சங்கள் போகின்றன. கல்விக் கடனுக்குத் தரும் தவணை விடுப்போ படிப்பு முடிந்து ஓராண்டோடு போயிற்று. அப்புறம் ஒற்றிக்குப் போவது தென்னை விளை, சில வீடுகளில் அம்மாவின் நகையும்.

நடுவில் ஒரு நிறுவனம் படுத்துவிட்டால் கதை இன்னும் மோசம். 2012, 2019, 2023 என்று மூன்று தடவை பெரிய நிறுவனங்கள் பறப்பதை நிறுத்தின. ஆயிரக்கணக்கான மணி பறந்தவர்களே வேலை தேடித் தெருவுக்கு வந்தபோது 200 மணிக்காரரை யார் கூப்பிடுவார்கள்? 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் ரகம் உலகெங்கும் தரையில் நிறுத்தப்பட்டது. அதை நம்பி 737 டைப் ரேட்டிங்குக்குக் கட்டியவர்களின் பணம் அப்படியே முடங்கியது. மறு ஆண்டு கொரோனா.

பயிற்றுநராகச் சேர்ந்து மணிகளைக் கூட்டலாமே என்பார்கள். சம்பளம் குறைவு, அதற்கும் தனி ரேட்டிங் வேண்டும். ஆனாலும் சும்மா இருப்பதற்கு அது மேல்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை பைலட் ஆசையைச் சொன்னால், விளையை ஒற்றி வைக்கும் முன் முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். டைப் ரேட்டிங்குக்கான பணத்தை, ஒரு நிறுவனத்தின் தேர்வுக் கடிதம் கைக்கு வரும்வரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.