வண்டலில் இறங்கிய டேங்க்

எங்கள் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில், நான்காவது படிக்கு நேராக, ஒரு கோடு இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்து போன கோடு. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எட்டிப் பார்க்கும். கோட்டூர்புரத்து ஆற்றோரத் தெருக்களில் இது யாருக்கும் அதிசயமில்லை. வருஷக்கணக்கில் அதைத் தாண்டித்தான் ஏறி இறங்கினேன். ஒரு சாண் நீள டேங்குக்குச் சேறு பூச உட்கார்ந்த பிறகுதான் அதன் எதிரில் நின்று பார்த்தேன்.

அடிப்படையில் நான் விமானக்காரன். பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. விமானக் கட்சிக்கு 1/72, 1/48 அளவுகள். டேங்க் கட்சிக்கு 1/35. அதென்ன முப்பத்தைந்து? 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் ஜெர்மன் பேன்தர் டேங்கை மோட்டாரில் ஓடும் மாடலாகச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் வயிற்றுக்குள் அடங்க வேண்டும். அடக்கிவிட்டு அளந்து பார்த்தால் அசலில் 35-ல் ஒரு பங்கு வந்தது. பேட்டரி போட்ட கணக்கைத்தான் உலகம் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறது.

என் அலமாரியில் பல வருஷமாக ஒரு நாட் போர் விமானம் இருக்கிறது. அசலே 9 மீட்டருக்குள்தான். 1/72-ல் உள்ளங்கையில் உட்காரும். அது பேர் வாங்கிய நாள் 1971 நவம்பர் 22. போர் முறைப்படி தொடங்க இன்னும் பதினொரு நாள். அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் எல்லையில், போய்ரா அருகே, இந்தியாவின் நான்கு நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை மறித்தன. குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவர், பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பின்னாளில் அந்நாட்டு விமானப் படைக்கே தளபதியானார். இதெல்லாம் எங்கள் கட்சிக்காரர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சேபர்கள் எதற்கு வந்தன என்று நான் யோசித்ததே இல்லை. கீழே கரீப்பூரில் முந்தின நாள் விடியற்காலைப் பனிமூட்டத்தில் இந்திய ராணுவத்தின் 45 கேவல்ரியின் பிடி-76 டேங்குகள் பாகிஸ்தானின் சாஃபி டேங்குகளோடு மோதியிருந்தன. மேலே நடந்தது கீழே நடந்ததன் மிச்சம். பாதிக் கதையை மட்டும் இத்தனை நாள் அலமாரியில் வைத்திருந்திருக்கிறேன்.

சென்னைக்காரன் ஆவடியை விட்டுவிட்டு ரஷ்ய வண்டிக்குப் போவானேன் என்று கேட்கலாம். நியாயம்தான். 1961-ல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, விஜயந்தாவில் தொடங்கி டி-72, டி-90, அர்ஜுன் என்று டேங்குகள் வரிசையாக வந்திருக்கின்றன. ஆனால் என் நாட் விமானத்துக்குக் கீழே நிற்க வேண்டியது பிடி-76. 14 டன் எடை, மெல்லிய கவசம், 76 மில்லிமீட்டர் பீரங்கி, தண்ணீரில் மிதக்கும். காலி நெய் டின் போல மிதப்பதால் ஜவான்கள் வைத்த செல்லப் பெயர் ‘பிப்பா’. நம் பீப்பாய்க்குச் சொந்தக்காரச் சொல். 2023-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த ‘பிப்பா’ இந்த வண்டியைப் பற்றிய படம்தான்.

ஒட்டுவதில் சிரமமில்லை. அழுக்காக்குவதில்தான் மாட்டிக்கொண்டேன். விமானத்தின் அழுக்கைக் காற்று தீட்டுகிறது. நாட் விமானத்தின் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் காற்று உள்வாயின் ஓரங்களில் இருக்கும். சுட்ட கரி அங்கிருந்து வால் பக்கமாக இழுபடும். எண்ணெய்க் கசிவும் அப்படியே, முன்னிருந்து பின். அந்தக் கை வழக்கத்தில் டேங்கின் ஒவ்வொரு இடுக்கிலும் நீர்த்த கறுப்பை ஓட்டினேன். கார்ட்டூனுக்குக் கோடு போட்ட மாதிரி ஆயிற்று. டர்பன்டைனில் துடைத்தேன். மறுபடி செய்தேன். மறுபடி துடைத்தேன்.

டேங்கைத் தீட்டுவது தரை. சேறு கீழிருந்து ஏறும். மழை மேலிருந்து வழியும். இதைப் புத்தகத்தில் படித்ததைவிட அடையாறு மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் பொக்லைனைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். சங்கிலிப் பட்டையில் தரையைத் தொடும் விளிம்பு மட்டும் வெள்ளிபோல் பளபளக்கிறது, மற்றதெல்லாம் துரு. பென்சில் கரியை விளிம்பில் தேய்த்தால் அந்தப் பளபளப்பு வந்துவிடும். துருவுக்கு வெளிநாட்டுக் குப்பி எதற்கு? மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் கோலத்துக்கு வாங்கும் காவியும் இரும்பு ஆக்சைடுதான். பொடித்து, துணியில் சலித்தால் போதும். தூசிக்குத் திருநீற்றையும் முயன்றேன். பூசியபோது அழகாகத்தான் இருந்தது. மேலே வார்னிஷ் பட்டதும் மாயமாகிவிட்டது.

பிறகுதான் படிக்கட்டுக் கோடு. வெள்ளம் வடிந்த அன்று வண்டல் கறுப்பாக, வழவழவென்று இருந்தது. இரண்டு நாளில் வெளிறிச் சாம்பலாகி, பாளம் பாளமாக வெடித்தது. மூலைகளில் மட்டும் ஈரம் தங்கிக் கறுப்பாகவே கிடந்தது. ஆக, டேங்குக்கும் முதலில் காய்ந்த பழைய சேறு, வெளிறலாக. அதன்மேல் சக்கர இடுக்குகளில் மட்டும் புதுச் சேறு, கறுப்பாக, கொஞ்சம் வார்னிஷ் மினுக்கலோடு. பிடி-76-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. தண்ணீரில் அது மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே வரை முழுகிக்கொண்டு போகும். நதியில் இறங்கி ஏறிய வண்டியில் பக்கவாட்டுச் சேறு கழுவப்பட்டு, உயரத்தில் ஒரு நீர்க்கோடு மட்டும் தங்கும். எங்கள் சுவரில் இருப்பது போலவே நேராக, ஆனால் அங்கங்கே விட்டுவிட்டு. அந்த விட்டுவிட்டு வருவதைப் பிடிக்க மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

டேங்க் கட்சிக்காரர்கள் வண்டியைச் சும்மா நிறுத்த மாட்டார்கள். அடியில் நிலமும் மரமும் செய்வார்கள். எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. கொலுப்படிக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்க விட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிப் பார்க் கட்டியவர்கள்தானே நாம்? போன நவராத்திரிக்கு அந்தப் பார்க்கிலேயே குளக்கரையில் பிப்பாவை இறக்கினேன், சரியாக நீர்க்கோடு தெரிகிற கோணத்தில்.

ஆயுத பூஜையன்று காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால், டேங்க் பச்சைப் பசேலென்று மின்னுகிறது. பீரங்கிக் கூண்டில் சந்தனம், குங்குமம்.

“வண்டின்னா துடைச்சுத்தானேடா பொட்டு வைக்கணும்?” என்றார் அம்மா. “ஒரே சேறு. ஈரத்துணியில ரெண்டு தடவை துடைச்சேன், அந்தக் கோடு மட்டும் போகமாட்டேங்குது.”