ஆகாயக் கப்பல் பார்க்கப் போவோமா?

"ஆகாயக் கப்பல் போவுது!"

ஒரு பிள்ளை இப்படிக் கத்தினால் போதும். லயத்தில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் வாசலுக்கு ஓடி வந்துவிடுவோம். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்ப்போம். செம்பனை மட்டைகளுக்கு மேலே அது புள்ளியாகி மறையும் வரை கையை ஆட்டிக்கொண்டே இருப்போம். நாம் கை ஆட்டுவது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பது அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

வாசக அன்பர்களே, உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அந்த ஆசை வயதோடு போய்விடுவதும் இல்லை. விமானம் பார்ப்பதையும் அதைப் படம் பிடிப்பதையும் ஒரு பொழுதுபோக்காகவே கொண்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இதற்கு டிக்கெட் வேண்டாம். பயணப் பெட்டி வேண்டாம். எங்கே நிற்பது, எப்போது நிற்பது என்று தெரிந்தால் போதும்.

நம் குடும்பங்கள் ஒரு நாள் பொழுதைச் செலவில்லாமல் கழிக்க இது நல்ல வழி என்பதால்தான் இந்தக் கட்டுரை. எழுதத் தூண்டியவர் என் பெரியப்பா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்று சுபாங், இன்று சிப்பாங்

சுபாங் விமான நிலையம் 1965 ஆகஸ்ட் 30ஆம் நாள் திறக்கப்பட்டது. அந்த நாட்களில் தோட்டத்து மக்கள் இந்தியாவுக்குப் போவதென்றால் பெரும்பாலும் கப்பல்தான். 'ரஜூலா', 'சிதம்பரம்' என்ற பெயர்களைக் கேட்டாலே இன்றும் பெரியவர்களின் முகம் மாறும். விமானத்தில் ஒருவர் போகிறார் என்றால் அவரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்புவார்கள். வழியனுப்புவது பாதி, விமானம் பார்ப்பது பாதி! மாடியில் நின்று கை அசைத்த அந்தப் பழைய கட்டடம் இன்று இல்லை.

1998 ஜூன் 27ஆம் நாள் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம், அதாவது கே.எல்.ஐ.ஏ., அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 10,000 ஹெக்டர். நம் தோட்டக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 25,000 ஏக்கர். அதில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். அங்கே குலை வெட்டியவர்களும், உதிரி பொறுக்கியவர்களும், உரம் போட்டவர்களும் நம்மவர்கள்தாம். அவர்களில் ஒருவர் என் பெரியப்பா.

ஓடுபாதை கட்டுவதற்காகத் தோட்டம் காலியானபோது அவருக்கு வயது ஐம்பதுக்குள். சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துப் பக்கம் வந்தவர், அதன்பிறகு அந்தத் திசைக்கே போகவில்லை. மகனை வழியனுப்ப விமான நிலையத்திற்குக் கூப்பிட்டபோதுகூட, "அங்க எனக்கு என்னப்பா வேல?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அவருடைய பேரன் இப்போது மூன்றாம் படிவம் படிக்கிறான். விமானம் என்றால் உயிர். விமானம் பழுதுபார்க்கும் தொழில் படிக்கப்போகிறேன் என்கிறான். "தாத்தா, நீங்களும் வாங்க" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தபோது பெரியவரால் மறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறும் தண்ணீருமாகக் கிளம்பினோம்.

முதலில் காற்றைப் பாருங்கள்

நல்ல இடம் எது என்று கேட்பவர்கள் முதலில் வரைபடத்தைத் தேடுவார்கள். வரைபடத்துக்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்றை எதிர்த்துத்தான் ஏறும். எதிர்க்காற்று இறக்கைக்குத் தாங்கு சக்தி தருகிறது. அதனால் குறைந்த வேகத்தில், குறைந்த தூரத்தில் காரியம் முடிகிறது. காற்று மாறினால் விமானம் வரும் திசையும் மாறும். காலையில் தலைக்கு மேல் வரிசையாக வந்த விமானங்கள் பிற்பகலில் ஒன்றுகூட வராமல் போவது இதனால்தான்.

கே.எல்.ஐ.ஏ.வில் மூன்று ஓடுபாதைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். மூன்றும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகின்றன. ஓடுபாதையின் எண்ணே திசையைச் சொல்லிவிடும். 14 என்றால் திசைகாட்டியில் ஏறத்தாழ 140 பாகை, அதாவது தென்கிழக்கை நோக்கிப் போவது. அதே பாதையை மறுமுனையிலிருந்து பார்த்தால் 32. வடமேற்கை நோக்கிப் போவது. காற்று தென்கிழக்கிலிருந்து வீசினால், விமானங்கள் வடமேற்கு முனை வழியாக வந்து இறங்கும். வடமேற்கிலிருந்து வீசினால், நெகிரி செம்பிலான் பக்கமிருந்து வரும்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியப்பா சாலையோரச் செம்பனையை அண்ணாந்து பார்த்தார்.

"மட்ட நுனி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு. அதுக்கு எதிர்த்தாப்புலதான் ஏரோப்ளேன் வரும். கொக்கு எறங்குறத நீ பாத்ததில்லியா?"

அவர் சொன்ன பக்கத்திலிருந்தே விமானம் வந்தது. பையன் தன் கைத்தொலைபேசியில் விமானங்களின் பாதையைப் பார்த்துவிட்டு, "தாத்தா சொன்னது சரிதான்!" என்று வாயைப் பிளந்தான்.

எங்கே நிற்பது?

இடங்கள் மூன்று வகை.

முதல் வகை, விமானம் இறங்கி வரும் நேர்கோட்டில், ஓடுபாதை முனைக்கு அப்பால், வேலிக்கு வெளியே. இங்கே விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து வரும். இறங்கும்போது அது ஒரு கிலோமீட்டர் முன்னே வருவதற்குள் ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழ்கிறது. அதாவது முனைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால், வளர்ந்த செம்பனைகள் ஐந்தாறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்தில் அது உங்களைக் கடக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், கைக்குழந்தை இருந்தால் மட்டும் காதைப் பொத்த வேண்டும்.

இரண்டாவது வகை, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் உள்ள மேட்டு நிலம். படம் பிடிக்க இதுவே சிறந்தது. சும்மா இருந்த சக்கரம் தரையைத் தொட்டதும் சடாரென்று சுழலத் தொடங்கும்போது ரப்பர் தேய்ந்து புகை வரும். அந்தப் புகையோடு படம் வேண்டுமானால், ஓடுபாதை தொடங்கும் இடத்திலிருந்து முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி, அதற்கு நேராக நில்லுங்கள். ஏறும் விமானம் வேண்டுமானால் பாதையின் பாதிக்கு அப்பால் நில்லுங்கள். கனமான விமானங்கள் அவ்வளவு தூரம் ஓடித்தான் எழும்பும்.

மூன்றாவது ஓடுபாதையின் பக்கம், ஜாலான் பெக்கெலிலிங் என்னும் சுற்றுச்சாலையோரத்தில், 'அஞ்சோங் ஸ்பாட்டர்' என்ற ஒரு மேடு இதற்கென்றே பெயர் பெற்றது. நாங்கள் போனது அங்கேதான். புறப்படுமுன் அது திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, முனையக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர்கள். மழைக்கும் வெயிலுக்கும் பயமில்லை, வயதானவர்களுக்கு வசதி. கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு விழாது.

எப்போது போவது?

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சிப்பாங்கின் ஓடுபாதைகளுக்குக் காலையில் வடகிழக்குப் பக்கமும், மாலையில் தென்மேற்குப் பக்கமும் நிற்பது நல்லது. நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்பதால் விமானத்தின் வயிறு கருத்துப்போகும். வெயில் ஏறிய பிறகு ஓடுபாதையிலிருந்து கானல் எழும்பி, படத்தில் விமானம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். எனவே காலை 8 மணிக்கு முன்பின்னும், மாலை 5 மணிக்குப் பிறகும் போகலாம். மழை பெய்து ஓய்ந்த நேரம் இன்னும் சிறப்பு. காற்றில் தூசி இருக்காது. இறங்கும் விமானம் தண்ணீரை வாரி இறைக்கும் காட்சியும் கிடைக்கும்.

விலையுயர்ந்த கேமரா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கைத்தொலைபேசியைக் குறுக்காகப் பிடியுங்கள். அதில் படத்தை இழுத்துப் பெரிதாக்காமல், விமானம் அருகில் வரும்வரை பொறுத்திருங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ஜெட் விமானத்திற்கு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு, அதைவிடக் குறைந்த நேரம் வைக்கலாம். விசிறி வைத்த விமானமானால் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் வைத்தால்தான் விசிறி சுற்றுவது தெரியும். இல்லாவிட்டால் வானத்தில் நின்றுபோனதுபோல் இருக்கும். கையை மட்டும் திருப்பாமல், இடுப்போடு உடம்பைத் திருப்பி விமானத்தைத் தொடருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு

சக்கரத்தை எண்ணச் சொல்லுங்கள். ஏர்பஸ் 320, போயிங் 737 இரண்டுக்கும் ஆறு சக்கரம். ஏர்பஸ் 330க்குப் பத்து. போயிங் 777க்குப் பதினான்கு. 737ன் எஞ்சின் வாய் அடிப்பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும். 320க்கு வட்டமாக இருக்கும். ஏர்பஸ் 350 விமானி அறைக் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு மை தீட்டியதுபோல் இருக்கும்.

வாலுக்கு அருகே இருக்கும் பதிவு எண்ணையும் படிக்கலாம். 9எம் என்று தொடங்கினால் மலேசியா, 9வி என்றால் சிங்கப்பூர், வி.டி. என்றால் இந்தியா, 4ஆர் என்றால் இலங்கை, பி.கே. என்றால் இந்தோனேசியா, எச்.எஸ். என்றால் தாய்லாந்து. ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வரச் சொல்லுங்கள். பூகோளப் பாடம் தானாக மனத்தில் பதியும்.

கவனம் தேவை

'கவாசான் லாராங்கான்' என்ற பலகை இருக்கும் இடத்தில் நிற்கவோ படம் எடுக்கவோ கூடாது. அது சட்டப்படி தடை செய்யப்பட்ட பகுதி. காவலர் போகச் சொன்னால் வாதாடாமல் போய்விடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம். பட்டம் விடுவதும், அனுமதியின்றி டிரோன் பறக்க விடுவதும், லேசர் விளக்கு அடிப்பதும் விமானத்திலுள்ள நூற்றுக்கணக்கான உயிர்களோடு விளையாடுவதாகும். மேட்டில் நிற்கும்போது இடி முழக்கம் கேட்டால் உடனே வண்டிக்குள் போங்கள். உணவுப் பொட்டலங்களை அங்கே வீசாதீர்கள். குப்பையைத் தேடி வரும் பறவைகள் எஞ்சினுக்குள் புகுந்தால் ஆபத்து.

பெரியப்பா காட்டிய இடம்

மேட்டின் மேல் ஏறியதும் பெரியப்பா நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஒரு அடையாளமும் இல்லியே" என்றார். குரல் கம்மியிருந்தது. எனக்கு, இவரை ஏன் அழைத்து வந்தோம் என்று ஆகிவிட்டது.

அந்த நேரம் ஒரு பெரிய விமானம் வந்து இறங்கியது. சக்கரத்தில் புகை எழுந்ததைக் கண்டு சுற்றியிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியப்பாவும் தட்டினார். பிறகு மேற்கே சாயும் வெயிலைப் பார்த்தார். தூரத்தில் தெரிந்த மரக்கூட்டத்தைப் பார்த்தார். கைத்தடியைத் தூக்கி நீட்டினார்.

"அங்கனதான். பெரட்டுக் களம் அங்க. கோயில் அதுக்குக் கீழ்ப்பக்கம். நம்ம லயத்துக்கு எதிர்ல ஒரு கொய்யா மரம். உங்கப்பன், அத்தைங்க, மூணு பேரும் அங்கதான்யா பொறந்தாங்க."

அவர் காட்டிய இடம் சரிதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பேரன் விடவில்லை. கொய்யாப்பழம் பறித்தது யார், பெரட்டுக்கு மணி எத்தனைக்கு அடிப்பார்கள், மண்டோர் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்று மணி நேரம் பேசினார் பெரியப்பா. இத்தனை வருடங்களில் அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அன்று பையன் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தான். நல்லதாகத் தேறியவை ஏழெட்டு. அவற்றில் ஒன்றைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அதில் விமானம் சிறியதாக, ஓரத்தில் இருக்கிறது. நடுவில் பெரியப்பாவின் நீட்டிய கைத்தடி.

அன்பர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் நீங்களும் போய் வாருங்கள். பிள்ளைகளோடு வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். படத்தின் பின்பக்கம் தேதியை எழுதுங்கள். விமானத்தின் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்தப் பெரியவர் சொல்லும் தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் எழுதி வையுங்கள். விமானத்தின் பெயரைப் பிறகு எங்கும் தேடி எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தின் பெயரை அவர் இருக்கும்போதுதான் கேட்க முடியும்.