நிலவுக் குடியிருப்பும் நாமக்கல் மண்ணும்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள நெய்க்காரப்பட்டியின் கரும்பு வயலுக்கு மண், காற்று, மழை ஆகிய மூன்றையும் யாரும் சுமந்து வந்து சேர்ப்பதில்லை. நிலவில் மனிதர் நிலையாகத் தங்க வேண்டுமெனில் காற்றும் நீரும் பூமியிலிருந்து செல்ல வேண்டும், அல்லது அங்குள்ள மண்ணிலிருந்தே பிரித்தெடுக்கப்பட வேண்டும். நிலவுக் குடியேற்றத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்தச் சுமைக் கணக்கில் அடங்கியுள்ளது.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்து புறப்பட்ட எல்விஎம்3 ராக்கெட்டின் எடை சுமார் 640 டன்னாக இருக்க, அதில் நிலவில் இறங்கச் சென்ற விக்ரம் லேண்டரின் எடை, எரிபொருளையும் பிரக்யான் ரோவரையும் சேர்த்தே 1.75 டன்தான். மனிதர் செல்லும்போது உயிர்காக்கும் கருவிகளும் திரும்பிவர எரிபொருளும் கூடுவதால் செலவு பன்மடங்காகிறது. சந்திரயான்-3க்குச் சுமார் 600 கோடி ரூபாய் செலவாயிற்று. மனிதரைப் பூமியைச் சுற்றிவரச் செய்யும் ககன்யான் திட்டத்துக்கோ, இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, 2024இல் 20,193 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது.

ஆகவே, அங்கு கிடைப்பதைக் கொண்டே வாழ்வது குடியேற்றத்தின் அடிப்படையாகிறது. அங்கு மிகுதியாகக் கிடைப்பது, விண்கற்கள் மோதிப் பொடியான, ரெகோலித் எனப்படும் மண். அப்போலோ பயணங்கள் கொண்டுவந்தவை பாறையும் மண்ணுமாக 382 கிலோ மட்டுமே என்பதால், பெரிய சோதனைகளுக்கு அதையொத்த மண் தேவைப்படுகிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, சேலம் பெரியார் பல்கலைக்கழக அறிஞர்களின் துணையுடன் இஸ்ரோ அதைப் பொடித்து மாதிரி மண் உருவாக்கி, லேண்டரையும் ரோவரையும் சோதித்தது; அம்மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது.

நிலவின் மண்ணே குடியிருப்பின் கூரையாகவும் ஆகலாம். விக்ரமின் வெப்பமானி மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேலும், 8 சென்டிமீட்டர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழே சுமார் 10 டிகிரியும் காட்டியதிலிருந்து, அது வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பது உறுதியாயிற்று. காற்றுமண்டலம் இல்லாத நிலவில் கதிர்வீச்சையும் அம்மண்ணின் தடித்த அடுக்குதான் தடுக்க வேண்டும். மின்சாரமோ இதனினும் கடினமான சிக்கல். சூரிய ஒளியின்றி ஏறத்தாழ 14 பூமி நாள் நீளும் இரவின் கடுங்குளிரில் உறங்கிய விக்ரமும் பிரக்யானும் மீண்டும் விழிக்கவில்லை.

பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, நிலவில் நீரின் தடயத்தை உறுதிப்படுத்தியது நம்பிக்கையளிக்கிறது. ஆயினும் துருவப் பள்ளங்களின் நிரந்தர இருளில் உறைந்துள்ள அந்நீரை அகழும் இயந்திரமும் இங்கிருந்தே செல்ல வேண்டும். உணவை அங்கேயே விளைவிப்பதும் எளிதல்ல: 2022இல் அப்போலோ மண்ணில் அமெரிக்க ஆய்வாளர்கள் முளைக்கவைத்த செடிகள் குன்றியே வளர்ந்தன. உயிரற்ற அந்தப் பொடியை விளைமண்ணாக்கும் வரை, நிலவில் தங்குவோரின் ஒவ்வொரு வேளை உணவும் பூமியின் வயல்களிலிருந்து ராக்கெட்டில்தான் ஏற வேண்டியிருக்கும்.