வழக்கறிஞரும் கட்சிக்காரரும்: நம்பிக்கைக்குத் துணை நிற்கும் உரிமைகள்

நம் நாட்டுக் குடிமக்களில் பெரும்பாலோர் நீதிமன்றத்தை ஒரு வழக்கறிஞரின் வாயிலாகவே அறிகின்றனர். நிலத் தகராறு, பாகப் பிரிவினை, வாடகை, ஜீவனாம்சம், விபத்து நஷ்டஈடு, குற்றச்சாட்டு என எக்காரணம் பற்றி வழக்கு நேர்ந்தாலும், அவர்கள் முதலில் தேடிச் செல்வது வழக்கறிஞரையே. சட்டத்தின் மொழி அவர்களுக்குப் புரிவதில்லை. நடைமுறையின் கெடுநாட்கள் தெரிவதில்லை. ஆகவே தம் உடைமையையும், சில வேளைகளில் தம் சுதந்திரத்தையும், முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கின்றனர். பலருக்கு இது நன்மையாக முடிகிறது; சிலருக்குத் தீராத இழப்பாக முடிகிறது. இவ்வேறுபாடு எங்கே தோன்றுகிறது, கட்சிக்காரருக்குச் சட்டம் அளித்துள்ள பாதுகாப்புகள் யாவை என்பதை இங்குக் காண்போம்.

ஒரு முதிய தம்பதியின் வழக்கு

சென்னையில் எழுபது வயதான, காது கேளாத முதியவர் ஒருவரும் அவருடைய மனைவியும் பிராமிசரி நோட்டுகளின் பேரில் தமக்கு வரவேண்டிய கடனை வசூலிக்க ஒரு வழக்கறிஞரை அமர்த்தினர். வழக்குகள் முறையாகத் தொடரப்படவில்லை. ஆயினும் அவை நிலுவையில் உள்ளன என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. வாய்தாத் தேதிகளும் சொல்லப்பட்டன. இறுதியில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாகிவிட்டது என்றும் தெரிவிக்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டபோது கடனை வசூலிக்கும் காலவரம்பு கடந்துவிட்டது. ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்ட இவ்விவகாரம் 1978-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழக்கறிஞர் குற்றம் புரிந்தவர் என்ற முடிவை அந்நீதிமன்றம் உறுதி செய்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், தண்டனையின் ஒரு பகுதியை ஏழைகளுக்கான இலவச சட்ட உதவிப் பணியாக அமைத்தது இவ்வழக்கின் தனிச் சிறப்பாகும்.

அம்முதியவர்களின் நம்பிக்கையைக் குறை கூற இயலாது. தாம் கேட்ட சொற்களைச் சரிபார்க்க அவர்களிடம் எந்த ஆவணமும் இல்லாமற் போனதே இழப்பு பெருகக் காரணமாயிற்று. கட்சிக்காரர்கள் அடையும் கசப்பான அனுபவங்கள் பலவற்றின் வேர் இதுவே எனலாம்.

வக்காலத்து என்பது என்ன?

உரிமையியல் வழக்கில் ஒருவருக்காக வாதிட முன்வரும் வழக்கறிஞர், கட்சிக்காரர் கையொப்பமிட்ட வக்காலத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, நீதிமன்றத்தின் அனுமதியுடன் எழுத்து மூலம் முடிவுக்குக் கொண்டுவரப்படும் வரையிலோ, இருவரில் ஒருவர் இறக்கும் வரையிலோ, வழக்கின் நடவடிக்கைகள் யாவும் முடியும் வரையிலோ அது நடப்பில் இருக்கும். எனவே அது வெறும் சம்பிரதாயத் தாள் அன்று. ஒருவர் தம் வழக்கை நடத்தும் அதிகாரத்தை மற்றொருவருக்கு அளிக்கும் பத்திரம் ஆகும்.

நிரப்பப்படாத தாள்களில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இதனால் பின்னர் எழும் பூசல்கள் பல. கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றி, அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்கும் சமரசத்தை வழக்கறிஞர் செய்துகொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவுபடுத்தியுள்ளது. வாதத்தை நடத்தும் முறை வழக்கறிஞருடையது. வழக்கின் நோக்கத்தை முடிவு செய்வது கட்சிக்காரருடையது.

நல்ல அனுபவத்தின் அடையாளங்கள்

நேர்மையான வழக்கறிஞரை அமர்த்தியவர்கள் கூறும் செய்திகளில் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. அவர் முதலில் ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார். வழக்கின் பலத்தைக் கூறுவதுபோலவே பலவீனத்தையும் கூறுகிறார். வெற்றிக்கு உறுதி அளிப்பதில்லை. செலவும் காலமும் எவ்வளவு ஆகலாம் என்பதை முன்னரே உணர்த்துகிறார். ஒவ்வொரு வாய்தாவுக்குப் பின்னும் நடந்ததைத் தெரிவிக்கிறார். வழக்குத் தொடருவதைவிடச் சமரசமே மேல் எனக் கருதினால், தமக்கு வரக்கூடிய கட்டணம் குறையும் என்று தெரிந்தும் அதையே ஆலோசனையாகக் கூறுகிறார். இத்தகைய வழக்கறிஞரிடம் வழக்கில் தோற்றவர்கள்கூட அவரைப் பற்றி நல்ல சொல் கூறுவதைக் காணலாம். வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் கையில் உள்ளது. வழக்கறிஞர் அளிக்கவேண்டியவை உழைப்பு, உண்மை, தகவல் ஆகிய மூன்றுமே.

இத்தொழிலின் உயர்ந்த முகத்தை நாடு பலமுறை கண்டிருக்கிறது. 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணையின்றி வாடிய கைதிகளுக்காக வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட நீண்டகாலம் அவர்களில் சிலர் சிறையில் கழித்திருந்தனர். ஹுசைனாரா காத்தூன் வழக்கு எனப்படும் அவ்வழக்கின் விளைவாக, விரைவான விசாரணை அடிப்படை உரிமையின் ஒரு கூறு என நிலைநாட்டப்பட்டது.

குறைகள் தோன்றும் இடங்கள்

முதற் குறை, வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே தோன்றுகிறது. நீதிமன்ற வாயிலில் நிற்கும் தரகர் காட்டிய இடத்திற்குச் செல்பவர், அவ்வழக்கறிஞரின் தகுதியைப் பற்றி ஒன்றும் அறியார். பம்பாய் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாயிலில் வழக்கறிஞர்கள் சிலர் கட்சிக்காரர்களை மொய்த்துக்கொண்டு வழக்குகளைப் பிடிக்க முயன்ற விவகாரம் 1975-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அச்செயல் தொழிலின் கண்ணியத்திற்குப் பொருந்தாது எனக் கண்டிக்கப்பட்டது. விளம்பரம் செய்வதையும் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடுக்கின்றன.

இரண்டாவது குறை, தகவலின்மை. வழக்கறிஞர் வாய்தாவுக்கு வராமையால் கட்சிக்காரருக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடுவதும், மேல்முறையீட்டுக் கெடு கடந்துவிடுவதும் உண்டு. உரிமையியல் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாட்களும், பிற நீதிமன்றங்களில் 30 நாட்களும் 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளன. தீர்ப்பு வந்ததே தெரியாத ஒருவருக்கு இந்நாட்கள் விரைவில் ஓடிவிடும்.

வழக்கறிஞரின் தவறுக்காகக் கட்சிக்காரர் தண்டிக்கப்படலாமா? இக்கேள்வி 1981-இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் எழுந்தது. வழக்கறிஞர் வராததால் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. வழக்கறிஞரை அமர்த்தி, கட்டணம் செலுத்தி, தம் கடமையைச் செய்துவிட்ட ஒருவர், வழக்கறிஞரின் அசட்டையால் நீதியை இழக்கலாகாது என்று கருதிய உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை மீண்டும் உயிர்ப்பித்தது; எதிர்த்தரப்பின் செலவுத் தொகையை வராத வழக்கறிஞரிடமிருந்தே வசூலிக்கப் பணித்தது. எனினும் இது விதிவிலக்கற்ற பாதுகாப்பு அன்று. தம் வழக்கைக் கவனித்துக்கொள்ளும் நிலையில் இருந்தும் கவனிக்காதவர்கள் பழி முழுவதையும் வழக்கறிஞர்மீது சுமத்தித் தப்ப முடியாது என 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உணர்த்தியது. கட்சிக்காரரின் விழிப்பையும் சட்டம் எதிர்பார்க்கிறது.

கட்டணமும் கணக்கும்

மூன்றாவது குறை பணத்தைப் பற்றியது. கட்டணத்தை வாய்மொழியாகப் பேசிக்கொண்டு, ரசீது இன்றிச் செலுத்திவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். பார் கவுன்சில் விதிகள் இது குறித்துத் தெளிவாக உள்ளன. வழக்கின் வெற்றியைப் பொறுத்தோ, கிடைக்கும் தொகையில் பங்காகவோ கட்டணம் பேசலாகாது. விபத்து நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று கேட்பது விதிக்குப் புறம்பானது. கட்சிக்காரரின் பணத்திற்கு வழக்கறிஞர் கணக்கு வைக்கவேண்டும். கட்சிக்காரருக்காக ஏதேனும் தொகை பெற்றால் அதை விரைவில் தெரிவிக்கவேண்டும். கேட்கும்போது கணக்கின் நகலையும் அளிக்கவேண்டும்.

கட்டண பாக்கிக்காக வழக்குக் கட்டைத் தர மறுக்கலாமா என்பதும் ஒரு முக்கியமான கேள்வி. மத்தியப் பிரதேசத்தின் கூட்டுறவு வங்கி ஒன்றிற்கும் அதன் வழக்கறிஞருக்கும் எழுந்த பூசலில், அவ்வாறு மறுக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கட்டணத்தை வசூலிக்க வேறு சட்ட வழிகள் அவருக்கு உண்டு. கட்டு கைக்கு வராமல் வேறு வழக்கறிஞரை அமர்த்த இயலாது தவிப்பவர்களுக்கு இத்தீர்ப்பு பெரும் துணையாகும்.

முறையீடு செய்யும் வழிகள்

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, தொழில்முறைத் தவறு பற்றிய புகாரை மாநில பார் கவுன்சிலிடம் அளிக்கலாம். அதன் ஒழுங்குக் குழு விசாரித்து, கண்டனம், குறித்த காலத்திற்குத் தொழில்செய்யத் தடை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் ஆகியவற்றுள் தக்கதை விதிக்கலாம். புகார் பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் விசாரணை முடியவேண்டும். முடியாவிடில் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றப்படும். முடிவால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலிலும், அதன்பின் உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம். வழக்கில் தோற்றது மட்டுமே புகாருக்குக் காரணமாகாது. ஏமாற்று, நம்பிக்கைத் துரோகம், கடும் அசட்டை போன்றவை காட்டப்படவேண்டும்.

நுகர்வோர் மன்றங்களை அணுகலாமா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. அணுகலாம் எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-இல் கூறியது. ஆனால் உச்ச நீதிமன்றம் 2024 மே 14-ஆம் நாள் அதை மாற்றியது. வழக்கறிஞரின் பணி தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தின்பாற்பட்டது. ஆகவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்பதே அத்தீர்ப்பு. எனவே பார் கவுன்சிலும், அசட்டையால் நேர்ந்த இழப்பிற்கு உரிமையியல் நீதிமன்றமும், மோசடியாயின் குற்றவியல் சட்டமும் கட்சிக்காரருக்கு எஞ்சியுள்ள வழிகளாகும். நுகர்வோர் மன்றத்தின் எளிய வழி அடைபட்ட நிலையில், ஒழுங்குக் குழுக்கள் விரைந்து செயற்படுவது முன்னிலும் இன்றியமையாததாகிறது.

வசதியற்றோருக்கு வழி

வழக்கறிஞரை அமர்த்தப் பொருள்வசதி இல்லாதவர்களுக்காக, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39-ஏ என்னும் விதியைச் சேர்த்தது. 1987-இல் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்போர், பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் வருமான வரம்பு பாராது இலவச சட்ட உதவி பெறலாம். பிறருக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகா, மாவட்டம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகிய எல்லா நிலைகளிலும் இதற்கான அமைப்புகள் உள்ளன. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கோரலாம். இத்திட்டத்தில் அமர்த்தப்படும் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் கட்டணம் எதுவும் பெறலாகாது.

உதவி இருப்பதை உரியவருக்குத் தெரிவிப்பதும் அரசின் கடமையே. அருணாசலப் பிரதேசத்தில் வழக்கறிஞர் இன்றியே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற சுக்தாஸ் என்பவரின் வழக்கில், உதவி கேட்கும் உரிமை உண்டென்பது அவருக்குச் சொல்லப்படவில்லை என்பதைக் கருத்திற்கொண்டு, 1986-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை ரத்து செய்தது.

கட்சிக்காரர் கவனிக்கவேண்டியவை

1. தரகரின் சொல்லை நம்பாமல், அத்துறை வழக்குகளை நடத்திய அனுபவம் உள்ளவரை விசாரித்து அறிந்து அமர்த்துக.

2. கட்டணத்தையும் செலவு வகைகளையும் எழுத்தில் பெறுக. செலுத்தும் தொகைக்கெல்லாம் ரசீது கேட்டு வாங்குக.

3. நிரப்பப்படாத தாளில் கையொப்பமிடாதீர். மூல ஆவணங்களை ஒப்படைத்தால் அவற்றின் பட்டியலில் ஒப்பம் பெறுக. நகல் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

4. வழக்கு எண்ணையும், ஒவ்வொரு வழக்கிற்கும் தரப்படும் பதினாறு இலக்க சி.என்.ஆர். குறியீட்டையும் குறித்துவைத்துக்கொள்க. இதைக்கொண்டு மின்னணு நீதிமன்றங்களின் இணையதளத்தில் அடுத்த வாய்தாவை எவரும் காணலாம்.

5. வழக்கறிஞரிடம் உண்மையை மறைக்காதீர். அவரிடம் தொழில்முறையில் கூறப்படும் செய்திகளின் இரகசியத்தைச் சட்டம் பாதுகாக்கிறது. பாதி உண்மையைக் கொண்டு வாதிடும் வழக்கறிஞரால் முழு நீதியைப் பெற்றுத்தர இயலாது.

6. நம்பிக்கை குலைந்தால் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு; ஆனால் உரிய முறையில் எழுத்து மூலம் மாற்றுக.

இறுதியாக அலுவலர்களுக்கு ஒரு சொல். வட்டார அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் மக்கள் முதலில் சந்திப்பது அரசு ஊழியர்களையே. சட்ட உதவிக் குழு எங்கே இயங்குகிறது, வழக்கின் நிலையை எவ்வாறு அறிவது என்னும் இரண்டு செய்திகளை அவர்கள் எடுத்துக் கூறினாலே பல குடும்பங்களின் நிலமும் பொருளும் காக்கப்படும். வாய்தாத் தேதியைத் தாமே சரிபார்க்கும் வழி தெரிந்திருந்தால், சென்னையின் அந்த முதிய தம்பதி தம் கடனைக் காலவரம்பிற்குள் கேட்டிருக்க முடியும். நேர்மையாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞருக்கும் விவரமறிந்த கட்சிக்காரரே உற்ற துணையாவார்.