வேகத்தைத் தின்னும் பழைய பூட்டு!

மாதம் பிறந்தால் இண்டர்நெட்டுக்குப் பணம் கட்டுகிறோம். "வினாடிக்கு 100 எம்.பி. வேகம்" என்று சொல்லித்தான் இணைப்புக் கொடுத்தார்கள். ஆனால், மகள் பாடம் படிக்க உட்கார்ந்தால் படம் நின்று நின்று வருகிறது!

"கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்" என்று அப்பா சீறுகிறார்.

"நீங்கள் வாங்கிய போன் மட்டம்" என்கிறாள் அம்மா.

இருவருமே தப்பாகச் சொல்லலாம். குற்றவாளி, அலமாரி மேல் விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்கும் வைஃபை பெட்டிக்குள் இருக்கக்கூடும். அதுதான் பழைய பூட்டு!

பூட்டு எதற்கு?

வைஃபை பெட்டி ரேடியோ அலையில் பேசுகிறது. அலைக்குச் சுவர் கிடையாது. உங்கள் வீட்டுச் செய்தி அடுத்த வீட்டுக்கும் போகும். எனவே, பெட்டி அதை ரகசிய எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. நீங்கள் கொடுக்கும் "பாஸ்வேர்டு"தான் அதற்குச் சாவி.

"மாற்றி எழுதவும், திருப்பிப் படிக்கவும் நேரம் ஆகுமே! பூட்டே இல்லாவிட்டால் வேகம் கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். பாஸ்வேர்டையே எடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

இது பெரிய தவறு. இந்த வேலையைச் செய்வதற்கென்றே இன்றைய கருவிகளின் "சிப்"புக்குள் தனிப்பகுதி இருக்கிறது. அதனால் உண்டாகும் தாமதம் நமக்குத் தெரியவே தெரியாது. பூட்டை எடுத்தால் தெருவில் போகிறவரும் உங்கள் இணைப்பில் படம் பார்ப்பார். வேகம் கூடாது, குறையும்!

மூன்று பூட்டுகள்

முதல் பூட்டு 1997-ல் வந்தது. பெயர் டபிள்யூ.இ.பி. அதை எளிதில் உடைக்கலாம் என்பதை 2001-ல் மூன்று நிபுணர்கள் காட்டிவிட்டார்கள்.

பழைய கருவிகளைத் தூக்கி எறியவும் முடியாது. திறந்து போடவும் முடியாது. ஆகவே 2003-ல் ஓர் ஒட்டுப் போட்டார்கள். அந்த ஒட்டுதான் டி.கே.ஐ.பி.

2004-ல் அசல் பூட்டு வந்தது. டபிள்யூ.பி.ஏ.2 என்பது அதன் பெயர். ஏ.இ.எஸ். என்ற ரகசிய எழுத்து முறையில் அது வேலை செய்கிறது. அந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த இருவர்.

54-ல் நிற்கும் வண்டி

2009-ல் வைஃபைக்குப் புதிய விதி வந்தது. 150, 300 என்று வேகம் பறந்தது. ஆனால், அந்த விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. "பழைய இரண்டு பூட்டுகளோடு இந்த வேகம் கிடையாது" என்பதே அது!

பெட்டி புதிது, போனும் புதிது. பூட்டு மட்டும் டி.கே.ஐ.பி. என்றால், வண்டி 54-க்கு மேல் ஓடாது. அந்த 54-லும் கைக்கு வந்து சேருவது 20 அல்லது 25தான். 100-க்குப் பணம் கட்டிவிட்டு, கால் பங்கை வாங்குகிறோம்!

என்ன செய்யவேண்டும்?

முதலில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகத்தை அளந்து, தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பெட்டியைத் திறக்கும் முகவரியும், நுழையும் பெயரும் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த வழியே உள்ளே போய், வைஃபை பாதுகாப்புப் பகுதியைப் பாருங்கள்.

டபிள்யூ.இ.பி. அல்லது டி.கே.ஐ.பி. என்று இருந்தால், டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்று மாற்றுங்கள். இரண்டும் கலந்து இருந்தாலும் ஏ.இ.எஸ்.ஸை மட்டும் வையுங்கள். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 உங்கள் பெட்டியிலும் போன்களிலும் இருந்தால், அது இன்னும் நல்லது.

மாற்றியபின், வீட்டிலுள்ள கருவிகளுக்கு மறுபடி பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியிருக்கலாம். மிகப் பழைய கருவி ஏதாவது சேர மறுத்தால் பயப்படாதீர்கள். அந்த ஒன்றுக்காக வீடு முழுவதும் மெதுவாக ஓட வேண்டுமா என்பதை யோசியுங்கள்.

இப்போது மீண்டும் அளந்து பாருங்கள். எண் ஏறியிருந்தால் பழைய பூட்டுதான் குற்றவாளி. ஏறவில்லையா? பெட்டி மிகப் பழையதாக இருக்கலாம். அல்லது, கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கும் நேரம் வந்துவிட்டது. கேட்கும்போது, குறித்து வைத்த தாள் கையில் இருக்கட்டும்!

செலவு ஒரு காசு இல்லை. வேலை பத்து நிமிடம். பூட்டைக் கழற்றாதீர்கள். பூட்டை மாற்றுங்கள்!