ஜல்லியிலும் காரம் உண்டு

கட்டடம் எழுப்ப முனையும் சங்கத்தார் சிமெண்டின் தரத்தைப் பலமுறை விசாரிப்பர். கம்பியை நிறுத்துப் பார்ப்பர். ஜல்லியையும் மணலையும் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை. கல் கல்லாகவே கிடக்கும், அதனால் கேடு வராது என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் முழு உண்மையன்று என்பதைப் பழவேற்காட்டு மீனவ அங்கத்தினர்களை முன்னிட்டு இங்கு விளக்க விரும்புகிறோம்.

காரம் நம் அங்கத்தினருக்குப் புதிதன்று. களர் நிலத்தை உழவர் அறிவர். சாயத் தொட்டியில் சோடா இடுவதை நெசவாளர் அறிவர். சிமெண்டிலும் சோடியம், பொட்டாசியம் என்னும் காரச் சத்துக்கள் சிறிதளவு உண்டு. சிலவகைக் கற்களிலுள்ள சிலிக்கா இக்காரத்தோடு கூடிப் பசை போன்றதாகிறது. அப்பசை ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். அதனால் காங்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் என்னும் பொறியியலறிஞர் இதை எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் ஹிராகுட் அணையிலும் ரிஹந்த் அணையிலும் இந்நோய் கண்டறியப்பட்டது.

சிமெண்டிலுள்ள காரம் 0.6 சதவீதத்துக்கு மேற்படாவிடில் அச்சமில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் காரம் சிமெண்டிலிருந்து மட்டும் வருவதன்று. கருங்கல்லில் பெல்ஸ்பார் என்னும் கனிமம் உண்டு; சோடியமும் பொட்டாசியமும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. சிமெண்டு இறுகிய பின் காங்கிரீட்டின் நுண்துளைகளில் சுண்ணாம்புச் சத்துள்ள நீர் தங்குகிறது. அந்நீர் பெல்ஸ்பாரை ஆண்டுக்கணக்கில் மெல்ல அரித்துக் காரத்தை வெளிப்படுத்துகிறது. ஆகவே சிமெண்டைக் கணக்கிட்டுக் கல்லைக் கணக்கிடாமல் விடுவது வரவில் ஒரு பகுதியை ஏட்டில் பதியாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

பழவேற்காட்டில் இதனோடு வேறொரு வரவும் சேர்கிறது. ஏரி கடல்நீர் கலந்தது. கரை மணலிலும் பல கிணறுகளிலும் உப்பு உண்டு. அவ்வுப்பிலுள்ள சோடியம் காங்கிரீட்டின் காரத்தைப் பெருக்கும். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கரையூர்க் கட்டடங்களில் நாம் காணும் வெடிப்புகளில் பெரும்பாலானவை துருவினால் வருபவையே. அவை கம்பியின் வழியே நேராக ஓடும். பழுப்புக் கறையும் காணும். காரத்தினால் வருவதோ ஏரிச் சேறு காய்ந்து வெடித்தாற்போல் வலைப்பின்னலாகப் படரும். தோன்றப் பல ஆண்டுகளாகும்.

செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, கரை மணலையும் உவர்நீரையும் விலக்குக. கலவைக்கோ, நீராட்டுவதற்கோ கடல்நீர் ஏற்றதன்று என்று 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி 456 கூறுகிறது. கம்பியிட்ட காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இரண்டாவது, பெரிய வேலையாயின் ஜல்லியைச் சோதனைக்கு அனுப்புக. நம் பகுதிக் கல் கெட்டதென்று கூறவில்லை. சோதிக்காமல் நல்லதென்று கொள்ளலாகாது என்றே கூறுகிறோம். மூன்றாவது, நிலக்கரிச் சாம்பல் கலந்த போஸோலானா சிமெண்டை வாங்குக. சாம்பல் காரத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். உப்பு உட்புகுவதையும் குறைக்கும். காரநோய்த் தடுப்புக்குச் சாம்பல் 20 சதவீதமேனும் வேண்டும் என்பது அதே விதி. அதன் அளவை மூட்டையின்மேல் காணலாம். நான்காவது, கூரையில் நீர் தேங்கவிடாதீர்கள். ஈரமின்றிப் பசை பருப்பதில்லை.

2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் ஓலைக் குடில்கள் நின்ற கடற்கரைகளில் காங்கிரீட் வீடுகள் பெருகின. சங்கங்களும் ஏலக் கூடங்களுக்கும் பனிக்கட்டி அறைகளுக்கும் கடன் பெற்றுக் கட்ட முன்வருகின்றன. கடன் பல ஆண்டுத் தவணையில் தீர்வது. காரநோய் பற்றிய காங்கிரீட்டை முற்றும் குணப்படுத்தும் மருந்தில்லை. கடன் தீருமுன் கட்டடம் தீர்ந்துபோனால் இழப்பு ஒவ்வோர் அங்கத்தினரின் பங்குத் தொகையையும் சாரும். ஆகவே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது, சிமெண்டு எவ்வளவு என்பதோடு, ஜல்லி எந்தக் குவாரியினது, மணல் எந்த ஆற்றினது, நீர் எந்தக் கிணற்றினது என்றும் கேளுங்கள். விடை கிடைத்த பின்னரே கையொப்பமிடுங்கள்.